ஆசிரியர்களின் வலைப்பூத் தளம் படுத்துக்கொண்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் அடித்தால், யார் என்று பார்க்காமலே எதற்கு என்று தெரிந்துவிடுகிறது. “சார், தளம் திறக்கவில்லை. காலையில் பிள்ளைகளுக்கு அலகுத் தேர்வு. வினாத்தாள் அதில்தான் இருக்கிறது.”

கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், புதுச்சேரி என்று பல ஊர் ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் தளம் இது. ஆளுக்கொரு வலைப்பூ, எல்லாம் வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளின் ‘மல்டிசைட்’ அமைப்புக்குள், அதாவது ஒரே நிறுவலில் பல தளங்களாக, இருக்கின்றன. பராமரிப்பு என் தலையில் விழுந்தது. நான் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் வேதியியல் ஆசிரியன். மென்பொருள் படித்தவன் அல்லன். ஒரே பழுது நான்காவது முறை வந்தபோது, எப்படிச் சரிசெய்தேன் என்பது மறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். அந்த நோட்டில் இருப்பவைதான் கீழே. ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## கை வைப்பதற்கு முன்

போன் செய்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். திரையில் என்ன தெரிகிறது? (படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், “என்னமோ ஆங்கிலத்தில் வருகிறது” என்பது அறிகுறி ஆகாது.) வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தால் திறக்கிறதா? கடைசியாக யார் எதைத் தொட்டார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு “யாரும் ஒன்றும் செய்யவில்லை” என்ற பதில்தான் எப்போதும் வரும். அதை நம்ப வேண்டாம். பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணைநிரல்) புதுப்பிப்பதை ‘ஒன்று செய்ததாக’ யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்து பேக்கப். தளம் பாதி திறந்தாலும் சரி, முதலில் இரண்டை எடுத்து வையுங்கள்: தரவுத்தளம், பதிவேற்றிய கோப்புகள் இருக்கும் ‘அப்லோட்ஸ்’ அடைவு. எழுத்தெல்லாம் முதலாவதில், படமும் பி.டி.எஃப்.பும் இரண்டாவதில். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதித் தளம்தான் திரும்பும். அந்த பேக்கப் தளம் இருக்கும் அதே சர்வரில் கிடந்தால் பயனில்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் போதாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகியபோது, எங்கள் பேக்கப் இருந்த ஹார்ட் டிஸ்க் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. இப்போது ஒரு பிரதி என்னிடமும், ஒன்று விருத்தாசலத்தில் ஒரு தமிழாசிரியரிடமும், ஒன்று கூகுள் டிரைவிலும் இருக்கின்றன.

## அறிகுறி: தளம் திறக்கவே இல்லை

### ஒரு பள்ளியில் மட்டும் திறக்கவில்லை, வெளியில் திறக்கிறது

தளத்தில் பழுதில்லை. பள்ளியின் இணைய இணைப்பைச் சர்வரின் தடுப்புச் சுவர் அடைத்துவிட்டது. ஒரு பள்ளியில் இருக்கும் அத்தனை கணினிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தெரியும். நாலைந்து பேர் தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்தால், யாரோ உடைக்கப் பார்க்கிறார்கள் என்று சர்வர் எடுத்துக்கொண்டு மொத்தப் பள்ளிக்கும் கதவைச் சாத்தும்.

திருப்பாதிரிப்புலியூரில் முப்பது ஆசிரியர்களுக்குக் கணினி அறையில் பயிற்சி வைத்த அன்று இதைக் கற்றேன். “எல்லோரும் உள்ளே நுழையுங்கள்” என்றேன். கால் மணி நேரத்தில் முப்பது திரையும் அடைத்துக்கொண்டன, என் திரை உட்பட. தளம் போய்விட்டது என்று பதறி, சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு டீச்சர் தன் போனில் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிசெய்ய: ஒரு மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் தானே விலகும். அவசரமென்றால், பள்ளிக் கணினியில் ‘என் ஐ.பி. என்ன’ என்று கூகுளில் தேடி, வரும் எண்ணை ஹோஸ்டிங் உதவிப் பிரிவுக்குக் கொடுத்து அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சி நாளென்றால் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

### எங்கும் திறக்கவில்லை. ஏதோ விளம்பரப் பக்கம் வருகிறது

டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, காலாவதியாகிவிட்டது. பெயரைப் பதிந்த நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து பாருங்கள். நுழைய முடியவில்லை என்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது: தளம் தொடங்கிய காலத்தில் யாரோ ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருப்பார்கள், அவர் ஓய்வு பெற்றிருப்பார், நினைவூட்டல் கடிதங்கள் அவர் பார்க்காத பெட்டியில் குவிந்திருக்கும். ‘ஹூ-இஸ்’ தேடலில் பெயர் எந்த நிறுவனத்தில் பதிவானது, எந்தத் தேதியில் முடிகிறது என்பது தெரியும்.

காலாவதியான முதல் சில வாரங்களில் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அதையும் தாண்டினால் மீட்புக் காலம் என்று 30 நாள் உண்டு. ‘டாட் காம்’ பெயருக்கு அப்போது கேட்கும் தொகை வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதுவும் கடந்துபோனால் பெயர் சந்தைக்கு வந்துவிடும். ஆகவே இதில் ஒத்திப்போடாதீர்கள். பெயரைப் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி, கடவுச்சொல்லை இருவரிடமாவது வையுங்கள். பணம் கட்டும்போது ஓ.டி.பி. யாருடைய போனுக்குப் போகும் என்பதையும் யோசியுங்கள். புயல் வாரத்தில் எங்கள் பகுதியில் டவரே இல்லை.

### ‘தரவுத்தளத்தோடு இணைக்க முடியவில்லை’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி

பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருங்கள். ஹோஸ்டிங் நிறுவனம் தன் சர்வரைத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருக்கலாம்.

அப்படியும் வரவில்லை என்றால் ஹோஸ்டிங் கணக்கின் கன்ட்ரோல் பேனலில் இடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். எங்களுக்கு வந்தவற்றில் பாதிக்குமேல் இதுதான். இடத்தைத் தின்பது பெரும்பாலும் பேக்கப் பிளகின். தினம் ஒரு முழுப் பிரதி எடுத்து அதே இடத்தில் அடுக்கிக்கொண்டிருக்கும். பழைய பிரதிகளைக் கணினிக்கு இறக்கிவிட்டு அங்கே அழித்தால் தளம் தானே எழுந்துவிடும்.

இடம் இருக்கிறது என்றால், அண்மையில் யாராவது தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினார்களா என்று கேளுங்கள். பேனலில் மாற்றினால் போதாது. வேர்ட்பிரஸின் ‘கான்ஃபிக்’ கோப்பிலும் அதே சொல் இருக்க வேண்டும். இதுவும் இல்லையென்றால் ஹோஸ்டிங் உதவிக்கு எழுதுங்கள். தரவுத்தள அட்டவணை உடைந்திருக்கிறது என்று அவர்கள் சொன்னால் அது உங்கள் வேலையன்று. பேக்கப்பைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்தவரை அழையுங்கள்.

### வெறும் வெள்ளைப் பக்கம், அல்லது ‘தளத்தில் கடும் பிழை’

கிட்டத்தட்ட எப்போதும் ஒரு பிளகினோ, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமோ செய்த வேலை. மல்டிசைட் அல்லாத தனித் தளமென்றால் முதலில் நிர்வாகியின் மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி விழுந்தால் வேர்ட்பிரஸே ஒரு கடிதம் அனுப்புகிறது. அதில் எந்த பிளகின் என்று பெயரும், உள்ளே நுழைய ஒரு தனி இணைப்பும் இருக்கும். நுழைந்து அந்த பிளகினை நிறுத்தினால் முடிந்தது.

மல்டிசைட்டுக்கு இந்தக் கடிதம் வராது. அதற்கும், கடிதம் வராத தனித் தளத்துக்கும் வழி இது: கன்ட்ரோல் பேனலின் ஃபைல் மேனேஜரில் ‘பிளகின்ஸ்’ அடைவுக்குள் போய், கடைசியாகப் புதுப்பித்த பிளகினின் அடைவுப் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேருங்கள். வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் விட்டுவிடும், தளம் திறக்கும். எது என்று தெரியாவிட்டால் ‘பிளகின்ஸ்’ அடைவின் பெயரையே மாற்றி, நிர்வாகப் பக்கத்தில் பிளகின் பட்டியலை ஒருமுறை திறந்து, பிறகு பழைய பெயரை வைத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். நடுவில் பட்டியலைத் திறக்க மறந்தால், பெயரைத் திருப்பி வைத்ததும் எல்லா பிளகினும் முன்போலவே ஓடி, தளம் மறுபடி விழும். நான் இதில் ஒரு முழு மாலைப் பொழுதை விட்டிருக்கிறேன்.

தீமைச் சந்தேகித்தால் வேர்ட்பிரஸோடு வரும் இயல்பான தீமுக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் வெள்ளையாகவே இருந்தால், ஹோஸ்டிங் நிறுவனம் பி.எச்.பி. (வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழி) பதிப்பை உயர்த்தியதா என்று கேளுங்கள். பல ஆண்டுகளாகக் கவனிப்பாரில்லாத பழைய தீம் புதிய பதிப்பில் ஓடாது. தற்காலிகமாகப் பழைய பதிப்புக்கு இறக்கலாம், ஆனால் அந்தத் தீமை மாற்றும் நாளைக் குறித்துக்கொண்டு இறக்குங்கள்.

### ‘பராமரிப்பு நடக்கிறது, சற்றுநேரத்தில் வாருங்கள்’

புதுப்பித்தல் பாதியில் நின்றிருக்கிறது. மின்சாரம் போயிருக்கலாம், பொறுமை போயிருக்கலாம். பத்து நிமிடத்தில் இந்த அறிவிப்பு தானே நீங்கிவிடும். நீங்கியதும் பாதியில் நின்றதை மறுபடி முழுமையாகப் புதுப்பியுங்கள்.

## அறிகுறி: ‘இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல’ என்று எச்சரிக்கிறது

ஒரே ஒரு கணினியில் மட்டுமா? வலப்பக்க மூலையில் தேதியைப் பாருங்கள். பள்ளிகளில் இருக்கும் பழைய கணினிகளின் உள்பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு காலையும் அவை பல ஆண்டுகள் பின்னால் விழித்துக்கொள்ளும். அந்தத் தேதியில் உங்கள் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பிறக்கவே இல்லை, ஆகவே எச்சரிக்கை. தேதியைச் சரிசெய்தால் போதும். உள்ளே இருக்கும் பித்தான் வடிவ பேட்டரி சொற்ப விலைதான்.

ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களில் மட்டும் வந்தால், அவை இலவசச் சான்றிதழான லெட்ஸ் என்க்ரிப்ட்டின் இப்போதைய மூலச் சான்றை அறியாதவை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தனக்கென்று ஒரு பட்டியலை வைத்திருப்பதால், அதில் திறக்க வாய்ப்புண்டு.

எல்லோருக்கும் வந்தால் சான்றிதழ் காலாவதி. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாள். தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். செய்யவில்லை என்றால், அண்மையில் டி.என்.எஸ்.ஸை (டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவை) யாரோ மாற்றியிருப்பார்கள், அல்லது இடம் நிரம்பியிருக்கும். கன்ட்ரோல் பேனலில் புதுப்பிக்கும் பித்தானை அழுத்துங்கள். மறுத்தால் ஹோஸ்டிங் உதவி. இதற்காகத் தனியே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கச் சொல்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

## அறிகுறி: தமிழ் எழுத்து குழம்பித் தெரிகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். எப்படிக் குழம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. ஆகவே படத்தை உற்றுப் பாருங்கள்.

### வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது

ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி: இப்படி ஒன்று பதிவில் தெரிந்தால் அது ‘தமிழ்’ என்ற சொல். பாமினி எழுத்துருவில் தட்டியது. பாமினியிலும் வானவில்லிலும் தட்டும்போது கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கிலக் குறிகள்தாம். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அவை தமிழாகத் தோற்றம் காட்டும். ஆசிரியர் வீட்டு வேர்டில் அழகாக இருந்தது, தளத்தில் ஒட்டியதும் வேஷம் கலைந்துவிட்டது. “என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது” என்று அவர் சொல்வது உண்மை. சண்டை போடாதீர்கள்.

எந்தக் கணினியிலும் தமிழாகவே சேமிக்கப்படும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். பாமினியை வானவில் என்று சொல்லி மாற்றினால் வருவதைப் படிக்க முடியாது. எங்கள் பாடத்தில் இன்னொரு கண்ணி உண்டு. மொத்தப் பக்கத்தையும் மாற்றியில் போட்டால், நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் வேதிக் குறியீடுகளையும் அது தமிழ் என்றே நினைக்கும். சோடியம் குளோரைடின் குறியீடு நாலு தமிழெழுத்துக் கலவையாக வெளிவந்ததைப் பார்த்து ஒரு பிளஸ் ஒன் மாணவன், “இது எந்தச் சேர்மம் சார்?” என்று கேட்டான். பத்தி பத்தியாக மாற்றுங்கள். குறியீடுகளையும் சமன்பாடுகளையும் கையால் தட்டுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஆசிரியரை யூனிகோடில் தட்ட வைப்பது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் இருபது ஆண்டுகளாகப் பாமினி விசைகளில் ஓடிப் பழகிய விரல்களை ஓர் அரசாணையால் திருப்ப முடியாது. பாமினி விசை அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு யூனிகோடில் எழுதவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. மூத்த ஆசிரியர்களுக்கு நான் அதைத்தான் நிறுவிக் கொடுக்கிறேன். தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உபதேசம் செய்த காலத்தில் நான்கு பேர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள்.

### தலையில் கோடு போட்ட ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் மாறி மாறி வருகின்றன

எழுத்து பத்திரமாக இருக்கிறது. தவறான முறையில் வாசிக்கப்படுகிறது. ஹோஸ்டிங்கை மாற்றிய மறுநாள் வருவது வழக்கம். பழைய பேக்கப்பை ஏற்றும்போது ‘யு.டி.எஃப்.8’ என்று தேர்ந்தெடுத்து மறுபடி ஏற்றினால் சரியாகும். இதற்குள் புதுப் பதிவுகள் சேர்ந்துவிட்டனவா? அப்படியென்றால் பாதி சரியான எழுத்தும் பாதி தவறான எழுத்தும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டன. நீங்கள் தொடாதீர்கள். இது தரவுத்தளம் தெரிந்தவருக்கு ஒரு மணி நேர வேலை, தெரியாதவருக்கு இரண்டாம் விபத்து.

### எல்லாம் கேள்விக்குறி

எழுத்து போய்விட்டது. தமிழைத் தாங்காத அட்டவணையில் சேமித்ததால், ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் ஒரு கேள்விக்குறிதான் சேமிக்கப்பட்டது. எந்த நிபுணராலும் அதிலிருந்து மீட்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். பேக்கப்பிலிருந்தோ, அந்த ஆசிரியரின் கணினியில் இருக்கும் மூலத்திலிருந்தோ எடுங்கள்.

### கட்டம் கட்டமாகத் தெரிகிறது

பார்ப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. தளத்தில் பழுது ஒன்றும் இல்லை.

## அறிகுறி: வாட்ஸாப்பில் அனுப்பிய இணைப்பு ஒரு முழ நீளம், சிலருக்குத் திறப்பதில்லை

தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாகவும் எடுத்துக்கொள்கிறது. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகள் கலந்த ஒன்பது எழுத்துகளாக விரியும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து இடம். ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்: இருபத்திரண்டு குறிகளோடு தலைப்பு வெட்டப்படும். ‘பன்னிரண்டாம் வகுப்பு’ என்று தொடங்கினால் அதற்கே பத்தொன்பது குறிகள் போய், மிச்சம் மூன்று குறிகளுக்குத்தான் இடம். ஆகவே அப்படித் தொடங்கும் ஒரே பாடத்தின் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே முகவரியோடு 2, 3, 4 என்று வால் ஒட்டிக்கொண்டு போகும்.

சரிசெய்வது எளிது: வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் வகுப்பு, பாடம், அலகு எண் ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் தட்டுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே வெளியான பதிவின் முகவரியை மாற்றலாமா என்று கேட்கிறார்கள். மாற்றலாம், பழைய இணைப்பை அழுத்தினாலும் புதிய முகவரிக்கு வேர்ட்பிரஸே கொண்டுபோய் விடும். ‘பக்கம்’ என்ற வகைக்கு இந்த வசதி இல்லை, பதிவுகளுக்கு மட்டும்.

## அறிகுறி: கோப்பு ஏறமாட்டேன் என்கிறது

கோப்பின் அளவைப் பாருங்கள். போனில் ஸ்கேன் செய்த பத்துப் பக்க வினாத்தாள் 30 எம்.பி. வரும், ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாலே பல மடங்கு குறையும். முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். கிராமத்திலிருந்து மொபைல் டேட்டாவில் இறக்கும் பிள்ளைக்கும் அது நல்லது.

சிறிய கோப்பும் ஏறவில்லை என்றால் இரண்டு பூட்டு இருக்கின்றன. ஒன்று ஹோஸ்டிங்கின் பி.எச்.பி. வரம்பு. அதை உயர்த்தியும் ஏறவில்லையா? மல்டிசைட்டில் வலையமைப்பு நிர்வாகியின் அமைப்புப் பக்கத்தில் தனியாக ஒரு வரம்பு உண்டு. அது இயல்பாக 1500 கே.பி. அளவில் நிற்கும். ஹோஸ்டிங் நிறுவனத்தோடு நான் இரண்டு நாள் கடிதச் சண்டை போட்டபின் இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தேன். மன்னிப்புக் கடிதம் இன்னும் அனுப்பவில்லை.

## அறிகுறி: எழுதியது காணாமல் போய்விட்டது

### நேற்று எழுதிய பதிவில் இன்று வேறு உரை இருக்கிறது

ஒரே பயனர் பெயரை இரண்டு பேர் பயன்படுத்துகிறார்களா? ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் திறந்தால் வேர்ட்பிரஸ் எச்சரிக்கும். ஆனால் இருவரும் ஒரே பெயரில் நுழைந்திருந்தால் ஒரே ஆள் என்றெண்ணி வாய் திறக்காது. கடைசியாகச் சேமித்தவர் எழுதியது நிற்கும். பதிவின் ‘ரிவிஷன்ஸ்’ பகுதியில் பழைய வடிவம் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆளுக்கொரு கணக்கு. “எங்கள் பள்ளிக்கு ஒரே பாஸ்வேர்டு போதும் சார்” என்பவரிடம் கண்டிப்பாக இருங்கள்.

### கூகுள் படிவத்தை ஒட்டினேன், சேமித்ததும் மறைந்தது

மல்டிசைட்டில் வலையமைப்பு நிர்வாகியைத் தவிர யார் ஒட்டினாலும் இத்தகைய நிரல்துண்டு நீக்கப்படும். பாதுகாப்புக்காகச் செய்தது, பழுதன்று. படிவத்துக்கு இணைப்பு மட்டும் கொடுத்தால் போதும். யூடியூப் என்றால் காணொளியின் முகவரியைத் தனி வரியில் ஒட்டுங்கள், தானே விரியும். இதற்காக ஆசிரியர்களுக்கு நிர்வாகி உரிமை கொடுத்துவிடாதீர்கள்.

### ஓர் ஆசிரியரின் எல்லாப் பதிவுகளும் போய்விட்டன

யாரோ அவரது கணக்கை நீக்கியிருக்கிறார்கள். நீக்கும்போது, பதிவுகளையும் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று கேட்கும். அவசரத்தில் முதலாவதை அழுத்தியிருப்பார்கள். பதிவுகள் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், படங்களும் பி.டி.எஃப்.களும் இருக்கமாட்டா. ஓய்வு பெற்றவரின் கணக்கை நீக்க வேண்டியதில்லை. உரிமையை மட்டும் குறைத்து, கடவுச்சொல்லை மாற்றி வையுங்கள்.

அந்த 30 நாள் கணக்கு முக்கியம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியபோது, இனி இவை எதற்கு என்று ஓர் ஆசிரியர் தன் சமச்சீர்ப் பாடப் பதிவுகளை மொத்தமாக அழித்தார். பாகூரில் படித்தவர்கள் போனாலும் பண்ருட்டியில் படித்தவர்கள் இருந்தார்கள். கேள்வி வந்தபோது முப்பத்தைந்தாம் நாள். விருத்தாசலத்துப் பிரதி அன்றுதான் முதன்முதலாகப் பயன்பட்டது.

## அறிகுறி: கடவுச்சொல் மாற்றும் கடிதம் வரவில்லை

ஸ்பேம் பெட்டி. பிறகு, கணக்கில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘டாட் காம்’ என்பது ‘டாட் கான்’ என்று இருப்பதை மூன்று பேரிடம் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு நீங்களே நிர்வாகப் பக்கத்தில் புதுக் கடவுச்சொல் வைத்துக் கொடுக்கலாம்.

ஒருவருக்கும் வரவில்லை என்றால் சர்வரின் கடிதங்களை ஜிமெயில் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, அனுப்புபவர் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். என்ற சரிபார்ப்பு அடையாளம் வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. டி.என்.எஸ்.ஸில் அதைச் சேர்க்க ஹோஸ்டிங் உதவியைக் கேளுங்கள், அல்லது எஸ்.எம்.டி.பி. பிளகின் ஒன்றைப் போட்டு முறையான அஞ்சல் கணக்கு வழியாக அனுப்புங்கள்.

## அறிகுறி: காலை ஆறு மணிக்கு என்று வைத்த பதிவு பதினொன்றரைக்கு வெளியாகிறது

ஐந்தரை மணி நேர வித்தியாசமா? தளத்தின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. அமைப்புப் பக்கத்தில் கொல்கத்தா என்பதைத் தேர்ந்தெடுங்கள். மல்டிசைட்டில் ஒவ்வொரு வலைப்பூவுக்கும் தனித்தனியாக.

நேரம் சரியாக இருந்தும் தாமதமாகிறது என்றால், வேர்ட்பிரஸ் யாராவது தளத்துக்கு வந்தால்தான் தன் வேலைப்பட்டியலைப் பார்க்கும். விடிகாலையில் ஆள் வராத வலைப்பூவில் பதிவும் தூங்கும். கன்ட்ரோல் பேனலில், குறித்த நேரத்தில் தானே ஓடும் ‘கிரான்’ வேலை ஒன்று வைத்தால் தீரும்.

## அறிகுறி: தேர்வுக்கு முந்தைய இரவு தளம் நகரவில்லை

508 என்ற எண்ணோடு ஒரு பிழை வந்தால், உங்கள் ஹோஸ்டிங் திட்டத்தின் வரம்பு தொட்டுவிட்டது. உடனே பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்லி அங்கேயே ஒரு பித்தான் மின்னும். பொறுங்கள். பக்கங்களைத் தயாராக எடுத்து வைத்திருக்கும் கேஷ் பிளகின் இயங்குகிறதா என்று பாருங்கள். கேட்கப்படும் பி.டி.எஃப். ஒன்றை மட்டும் கூகுள் டிரைவில் போட்டு, பதிவில் இணைப்பை மாற்றுங்கள். சுமையில் பெரும்பங்கு இறங்கிவிடும். எல்லா நாளும் மெதுவாக இருந்தால் வேறு: பிளகின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தேவையில்லாத நேரத்தில் யாரோ ஆர்வத்தில் சேர்த்த பனித்துளி விழும் அலங்காரம் எங்கள் தளத்தில் இரண்டாண்டு ஓடிக்கொண்டிருந்தது. கடலூர் வெயிலில் பனி.

இத்தனைக்குப் பிறகும் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை 508 வந்தால் திட்டத்தை உயர்த்துங்கள். அது நியாயமான செலவு.

## அறிகுறி: பெற்றோர் ஒருவர் அழைத்து, ‘என் பெண்ணின் போன் எண் கூகுளில் வருகிறது’ என்கிறார்

இதற்கு இரவு பகல் பார்க்காதீர்கள். யாரோ மதிப்பெண் பட்டியலையோ உதவித்தொகைப் பட்டியலையோ பெயர், பிறந்த தேதி, எண்ணோடு ஏற்றியிருப்பார்கள். பதிவை அழிப்பது போதாது. பதிவு போனாலும் கோப்பு ‘அப்லோட்ஸ்’ அடைவில் நேரடி முகவரியோடு உயிருடன் இருக்கும். ஊடகப் பகுதியில் போய்க் கோப்பையே அழியுங்கள். கேஷைத் துடையுங்கள். பிறகு அந்தக் கோப்பின் முகவரியை உலாவியில் தட்டி, ‘இல்லை’ என்று வருகிறதா பாருங்கள். கடைசியாக கூகுள் சர்ச் கன்சோலில் நீக்கக் கோரிக்கை கொடுங்கள். அது ஏறத்தாழ ஆறு மாதம் மறைக்கும், அதற்குள் கூகுள் தானே கோப்பு இல்லை என்று அறிந்து பட்டியலிலிருந்து எடுத்துவிடும். வேலை முடிந்ததும் பெற்றோரை நீங்களே திரும்ப அழையுங்கள். ஏற்றிய ஆசிரியரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

## அறிகுறி: தளத்தைத் திறந்தால் சூதாட்டப் பக்கத்துக்குப் போகிறது

தளத்துக்குள் ஆள் புகுந்துவிட்டான். சில வகைகளில் கூகுள் வழியாகப் போனில் வருபவரை மட்டும் திருப்பிவிடுவார்கள். நேராக முகவரி தட்டும் நிர்வாகிக்குத் தளம் நன்றாகவே தெரியும். ஆகவே “எனக்குச் சரியாக வருகிறதே” என்று அடங்கிவிடாதீர்கள். கூகுளில் தளத்தின் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் கடைப் பக்கங்கள் வருகின்றனவா என்றும் பாருங்கள்.

இங்கே நோட்டை மூடிவிட்டுத் தொழில்முறை ஆளை அழைக்க வேண்டும். அவர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியவை: எல்லா நிர்வாகிகளின் கடவுச்சொல்லையும், ஹோஸ்டிங், தரவுத்தளக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகி இருந்தால் படம் எடுத்து வைத்து உரிமையைப் பறியுங்கள். இலவசமாகக் கிடைத்தது என்று யாராவது போட்ட காசுத் தீம் இருந்தால் அதன் பெயரைக் குறித்து வையுங்கள். எங்கள் தளத்தில் திருடன் வந்த வாசல் அதுதான். கெட்ட கோப்புகளைத் தேடி நீங்களே அழிக்காதீர்கள். ஒன்றை அழித்தால் ஒளிந்திருக்கும் மற்றொன்று திரும்ப எழுதிவிடும், தடயமும் போய்விடும். பழைய பேக்கப்புகளையும் அழிக்க வேண்டாம், எது சுத்தமானது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

வேலைக்கு வருபவருக்கு உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுக்காமல் புதிதாக ஒரு கணக்கு திறந்து கொடுங்கள். திருடர்கள் எந்த வழியாக நுழைந்தார்கள், சரிசெய்ய வந்தவர் எந்தெந்தக் கோப்பை மாற்றினார் என்று எழுத்தில் கேளுங்கள். ‘சுத்தம் செய்தாயிற்று’ என்ற ஒரு வரிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சுத்தமான தளத்தின் முழு பேக்கப்பை உங்கள் டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு, அவருடைய கணக்கை அன்றே மூடுங்கள். பதினைந்தாம் நாள், மொபைல் டேட்டாவில், கூகுள் வழியாக ஒருமுறை தளத்தைத் திறந்து பாருங்கள்.